கண்ணுக்குத் தெரியாத கழிவு

நம் இல்லத்துக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

வடசென்னைக் கழிவுநீரில் பெரும்பகுதி கொடுங்கையூரை அடைகிறது. அதனைத் தூய்மையாக்கி மணலி, எண்ணூர், திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் 2019இல் அங்கே தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்.

கழிவுநீரில் நம் உடல் வெளியேற்றும் ஹார்மோன்களும், கருத்தடை மாத்திரைகளின் எச்சமும் கலந்துள்ளன. வழக்கமான சுத்திகரிப்பில் இயற்கை ஹார்மோன்களில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுகின்றன. மாத்திரையின் செயற்கை ஹார்மோனோ எளிதில் சிதைவதில்லை.

இதை அற்பமென்று ஒதுக்கலாகாது. கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை அந்த ஹார்மோனைக் கலந்து ஆராய்ந்தனர். லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்குதான்! ஆண் மீன்கள் பெண்தன்மை அடைந்தன. ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் அழிவின் விளிம்பை எட்டியது.

கொடுங்கையூர் நிலையத்தில் நீர் 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்' சவ்வுகளின் வழியே வடிகிறது. இத்தகைய சவ்வுகள் ஹார்மோன்களைப் பெருமளவு தடுக்கும். ஆயினும் அவை அழிவதில்லை. ஒதுக்கப்படும் நீரில் செறிந்து நிற்கும். அந்நீரையும் முறையாகக் கையாள வேண்டும்.

நாமும் மீந்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதிருப்போம். நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ!