ஆணி இல்லாத கப்பல்!

தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள், கடலைத் தாண்டினார்கள்

2026-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. தமிழ்நாட்டில் அன்று போகிப் பண்டிகை. அதே நாளில், அரபிக் கடலுக்கு அக்கரையில், ஓமன் நாட்டின் தலைநகரான மஸ்கட் துறைமுகத்துக்கு ஒரு விசித்திரமான கப்பல் வந்து சேர்ந்தது.

அதில் என்ஜின் இல்லை. புகைபோக்கி இல்லை. மாலுமிகள் படுக்க அறைகள்கூட இல்லை. காற்றை நம்பிச் சதுரமான பாய்களை விரித்துக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் விட அதிசயம் வேறு ஒன்று. அந்தக் கப்பலின் பலகைகளை இணைக்க ஆணி அடிக்கவில்லை. துணி தைப்பது போல, பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருந்தார்கள்!

கப்பலின் பெயர் கவுண்டின்யா. காந்தி பிறந்த ஊரான போர்பந்தரில் இருந்து 2025-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி புறப்பட்டது. இந்தியக் கப்பற்படையைச் சேர்ந்தவர்கள் அதை ஓட்டிச் சென்றார்கள். மொத்தம் இருபது பேர்கூட இல்லை.

"தைத்த கப்பலா? கடலில் பிரிந்து போகாதா?" என்று கேட்கத் தோன்றும். ராயபுரத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே தினந்தோறும் தைத்த படகுகள்தான் ஓடின.

ராயபுரத்துப் படகோட்டிகள்

இன்று சென்னைத் துறைமுகத்தில் மலை போன்ற கப்பல்கள் கரையை ஒட்டி வந்து நிற்கின்றன. 1639-ல் ஆங்கிலேயர் இங்கே வந்து இடம் பிடித்தபோது துறைமுகமும் இல்லை. கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடாவும் இல்லை. திறந்த கடல்! கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றன.

நடுவில் இருந்ததோ பயங்கரமான அலை. ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து, கரைக்கு முன்னால் உடைந்து விழும் அலை. ஐரோப்பாவில் இருந்து கொண்டு வந்த படகுகள் இந்த அலையில் சிக்கினால் தூள்தூளாகிவிடும்.

கவர்னராக இருந்தாலும் சரி, கம்பெனி குமாஸ்தாவாக இருந்தாலும் சரி, சீமையில் இருந்து வந்தவர் சென்னை மண்ணை மிதிக்க வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. உள்ளூர்ப் படகில் ஏறவேண்டும். அதுதான் மசூலா படகு.

சுமார் 30 அடி நீளம். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அடிப்பாகம் தட்டை. பலகைகளுக்கு ஓரத்தில் துளை போட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். பின்னால் ஒருவர் பெரிய துடுப்பைப் பிடித்துத் திசை காட்டுவார். எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டே வலிப்பார்கள். அலை நெருங்கினால் பாட்டின் வேகம் கூடும்!

படகு கரையைத் தொட்டதும், பிரயாணிகளைப் படகோட்டிகள் தோளிலோ நாற்காலியிலோ தூக்கிச் சென்று உலர்ந்த மணலில் இறக்கினார்கள். படகு கவிழ்ந்தால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. பக்கத்திலேயே கட்டுமரங்கள் கூட வரும். தண்ணீரில் விழுந்தவர்களைக் கட்டுமரக்காரர்கள் பாய்ந்து பிடிப்பார்கள். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மெடல் கொடுத்தார்கள்.

இந்தப் படகோட்டிகளின் குடியிருப்புதான் ராயபுரம். அங்கே உள்ள புனித ராயப்பர் தேவாலயம் 1829-ல் படகோட்டிகள் தங்கள் உழைப்பில் வந்த பணத்தில் கட்டியது. இயேசுவின் சீடரான பேதுருவும் மீனவர் அல்லவா? பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். ராயபுரம் என்ற ஊர்ப் பெயரே அவரால் வந்ததாகச் சொல்வார்கள்.

வளைந்து கொடுக்கும் ரகசியம்

ஆணி அடித்த படகு உடைந்தது. கயிற்றால் தைத்த படகு பிழைத்தது. ஏன்?

ஆணி பலகையை அசையவிடாது. அலை ஓங்கி அடிக்கும்போது, அல்லது படகு மணலில் மோதும்போது, அந்த அடி முழுவதும் ஆணி இருக்கும் இடத்தில் போய் இறங்கும். பலகை அங்கே பிளந்துவிடும். தைத்த படகில் பலகைகள் கொஞ்சம் அசையும். மோதும் வேகத்தைப் படகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். கூடை போல வளைந்து, மறுபடியும் பழைய நிலைக்கு வரும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பலகை கெட்டுப்போனால் தையலைப் பிரித்து, வேறு பலகையை வைத்துத் தைத்துவிடலாம். இரும்புக்குத் துருப்பிடிக்கும். தென்னை நாருக்கு உப்புத் தண்ணீர் பகை இல்லை. நனைந்தால் உப்பிக்கொண்டு துளையை இன்னும் இறுக்கமாக அடைக்கும்.

அந்தக் காலத்துக் கட்டுக்கதை ஒன்று உண்டு. கடலுக்குள் காந்த மலைகள் இருக்கின்றனவாம். இரும்பு ஆணி அடித்த கப்பல் அந்தப் பக்கம் போனால், ஆணிகளை எல்லாம் மலை பிடுங்கிக்கொள்ளுமாம். அதனால்தான் இந்தியக் கடலில் ஓடும் கப்பல்களுக்கு ஆணி அடிப்பதில்லையாம்! கதை கட்டினவர்களுக்கு ராயபுரத்து அலையைக் காட்டியிருந்தால் உண்மைக் காரணம் விளங்கியிருக்கும்.

எல்லாரும் தைத்த கப்பலை மெச்சவில்லை. இத்தாலி நாட்டு யாத்திரிகர் மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாவில் உள்ள ஹோர்முஸ் துறைமுகத்தில் இவற்றைப் பார்த்தார். "மோசமான கப்பல்" என்றே அவருக்குப் பட்டது.

துறைமுகம் வந்தது, படகு போனது

1875-ம் ஆண்டு டிசம்பரில் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்போது இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இங்கிலாந்து இளவரசர் (பிறகு ஏழாம் எட்வர்டு மன்னர்) அதை நாட்டினார். 1881-ல் ஒரு புயல் வந்து, கட்டிய சுவர்களை நாசமாக்கியது. மறுபடியும் கட்டினார்கள். 1904-ல் துறைமுகத்தின் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதைச் சரியான துறைமுகமாக்கினார். அலை அடங்கியது. கப்பல் கரைக்கே வந்தது. மசூலா படகுக்கு வேலை போயிற்று.

கரைவலை இழுக்கத் தைத்த படகை மீனவர்கள் பிறகும் வெகுகாலம் வைத்திருந்தார்கள். இன்று காசிமேட்டில் கண்ணாடி இழைப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. மீனவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கண்ணாடி இழைப் படகு வேகமாகப் போகும். வருஷா வருஷம் பிரித்துத் தைக்கும் தொல்லையும் இல்லை.

ஆனால் படகு போனபோது கூடவே ஒன்றும் போயிற்று. துளை எத்தனை விரற்கடைக்கு ஒன்று போடவேண்டும், கயிறு எத்தனை புரி இருக்கவேண்டும், எவ்வளவு இறுக்கினால் பலகை தாங்கும் என்பதை எல்லாம் யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அப்பன் கை பார்த்து மகன் கை கற்றது. கை நின்றதும் பாடமும் நின்றது.

அமெரிக்கக் கரையில் புல் வீடு

மறைந்து போன பொருளை மறுபடி செய்து பார்ப்பது உலகம் முழுவதும் நடக்கிறது. கனடா நாட்டின் கிழக்கு ஓரத்தில் நியூபவுண்ட்லாந்து என்ற குளிர் தீவு இருக்கிறது. அங்கே 1960-ல் நார்வே நாட்டு ஹெல்கே இங்ஸ்டாட் என்பவர் சில மண்மேடுகளைக் கண்டார். அவருடைய மனைவி ஆன் ஸ்டைன் புதைபொருள் ஆராய்ச்சி நிபுணர். அவர் தலைமையில் தோண்டியபோது எட்டுக் கட்டிடங்களின் அடையாளம் கிடைத்தது. எல்லாம் வைக்கிங் என்ற வடநாட்டுக் கடலோடிகளின் வீடுகளும் பட்டறைகளும்!

அவர்கள் வெட்டிய மரங்களை ஆராய்ந்து, 1021-ம் ஆண்டில் அங்கே இருந்தார்கள் என்று 2021-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சோழ நாட்டை ராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போக இன்னும் 471 வருஷம் இருந்தது.

அந்த வீடுகளின் சுவர் புல்லால் ஆனது. புல்லை வேரோடும் மண்ணோடும் சேர்த்துக் கட்டி கட்டியாக வெட்டி, செங்கல் போல அடுக்கி, உள்ளே மரச் சட்டம் நிறுத்தியிருந்தார்கள். கனடா அரசாங்கம் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி புல் வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறது. வைக்கிங் உடை அணிந்தவர்கள் உள்ளே அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். புல் எத்தனை கட்டி வேண்டும், புகை எப்படி வெளியே போகும், மழையில் சுவர் எத்தனை காலம் நிற்கும் என்பவை குழி தோண்டினால் தெரிவதில்லை. கட்டினால் தெரிகிறது.

அங்கே இரும்பு உருக்கிய பட்டறையும் கிடைத்தது. கப்பலைப் பழுது பார்க்க ஆணி செய்திருக்கிறார்கள். வைக்கிங் கப்பல் ஆணியை நம்பியது. நம் கடற்கரைப் படகு கயிற்றை நம்பியது.

சித்திரத்தில் இருந்து கப்பல்

கவுண்டின்யாவைக் கட்டியவர்களுக்குத் தோண்டிப் பார்க்கக்கூட ஒன்றும் இல்லை. கையில் இருந்தது ஒரு படம்தான். அஜந்தா குகையில் ஒரு சுவரில் கப்பல் ஒன்றின் சித்திரம் இருக்கிறது. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாய்மரங்கள் தெரிகின்றன. தட்டில் ஜாடிகள் தெரிகின்றன. படம் வரைந்தவர் சித்திரக்காரர். கப்பல் தச்சர் அல்ல. தண்ணீருக்குக் கீழே கப்பல் எப்படி இருக்கும் என்று அவர் காட்டவில்லை!

2023-ம் ஆண்டு ஜூலையில் மத்திய கலாசார இலாகாவும், கப்பற்படையும், கோவாவில் உள்ள ஒரு படகு கட்டும் கம்பெனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பர் 12-ந் தேதி அடிக்கட்டை வைத்தார்கள். கப்பலின் உருவத்தைக் கப்பற்படை நிபுணர்கள் திட்டமிட்டார்கள். சிறிய மாதிரி செய்து, அலையில் எப்படி மிதக்கும் என்று பார்த்தது சென்னையில். கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை அதில் உதவியது.

தைப்பதற்கு யார்? பட்டம் பெற்றவர்கள் செய்யக்கூடிய வேலை அல்ல அது. கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் என்ற கப்பல் தச்சர், தம் ஊர்க் கைவேலைக்காரர்களை அழைத்துக்கொண்டு கோவாவுக்கு வந்தார். கேரளத்துக் கரையில் அந்தக் கைப்பழக்கம் அறுந்து போகாமல் இருந்தது.

முதலில் பலகையை நீராவியில் வேகவைத்தார்கள். மரம் இளகும். சூடு ஆறுமுன் கப்பலின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பொருத்தினார்கள். ஓரங்களில் துளை போட்டார்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் தென்னை நாரைத் திரித்து நீளமாக வைத்து, அதன் மேல் கயிற்றை மாறி மாறி இழுத்துத் தைத்தார்கள். பிறகு பிசினும் மீன் எண்ணெயும் நாரும் கொண்டு இடுக்குகளை அடைத்தார்கள்.

2025-ம் ஆண்டு பிப்ரவரியில் கப்பல் தண்ணீரில் இறங்கியது. மே 21-ந் தேதி கார்வாரில் கப்பற்படையில் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். கவுண்டின்யர் என்பவர் இந்தியாவில் இருந்து கம்போடியப் பக்கம் கடல் கடந்து போய், அங்கே ஒரு ராஜகுமாரியை மணந்தார் என்பது பழங்கதை. கப்பலின் முகப்பில் சிம்ம யாளி. பாயில் சூரியனும், இரட்டைத் தலைப் பறவையான கண்டபேரண்டமும். சுக்கானுக்குப் பதில் பின்புறம் பெரிய துடுப்புகள். ராயபுரத்துப் படகில் இருந்ததும் அதே முறைதான்!

மஸ்கட்டில் இன்னொரு கப்பல்

மஸ்கட் நகரத்துக்குத் தைத்த கப்பல் புதிதல்ல. அங்கே சாலைகள் கூடும் ஒரு வட்டத்தின் நடுவே, தரையில், பெரிய மரக்கப்பல் ஒன்று நிற்கிறது. பெயர் சோஹார். டிம் செவரின் என்பவர் 1980-ல் கட்டியது. அரபு மாலுமிகளின் பழைய வழியில் சீனாவுக்குப் போக முடியுமா என்று பார்க்க விரும்பினார். மரம் கேரளத்தில் இருந்து போயிற்று. தைக்க ஆள் தேடியபோது லட்சத்தீவில்தான் கிடைத்தார்கள்.

கயிறு விஷயத்தில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். யந்திரத்தில் திரித்த கயிறு உதவாது என்றார்கள். மட்டையைக் கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் அடித்து எடுத்த நார்தான் வேண்டும் என்றார்கள். அப்படியே வாங்கிக் கொடுத்தார் செவரின். 1980-ம் ஆண்டு நவம்பரில் மஸ்கட்டில் இருந்து புறப்பட்ட சோஹார், 1981-ம் ஆண்டு ஜூலையில் சீனாவில் காண்டன் துறைமுகத்தைப் போய் அடைந்தது. தையல் விடவில்லை.