சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

நம் தம்பி தங்கையருள் சிலர் பள்ளிப் படிப்பை முடித்ததும் அமெரிக்கா சென்று பயில விழைகின்றனர். அங்கே நேரே பல்கலைக்கழகத்தில் சேர்வது ஒரு வழி. முதல் இரண்டாண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வது மற்றொரு வழி. கட்டணம் குறைவு என்பதால் இரண்டாம் வழியை நாடுவோர் பலர். “எவ்வளவு விரைவில் மாறலாம்?” என்பதே அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு விடை காண்போம்.

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றதும் தொழிற்பயிற்சியே பெரும்பாலும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அதன் பொருள் விரிந்தது. அங்குள்ள இவ்வகை அரசுக் கல்லூரிகளுள் மிகப் பழையது, 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தோன்றியது. 1960-இல் கலிபோர்னியா மாநிலம் தன் உயர்கல்வியை மூன்று அடுக்காக வகுத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஓர் அடுக்கு. மாநிலப் பல்கலைக்கழகம் மற்றோர் அடுக்கு. யாவரும் சேரத்தக்க இரண்டாண்டுக் கல்லூரி மூன்றாவது. கீழடுக்கில் தொடங்கியவர் மேலடுக்கிற்கு ஏற வழி இருத்தல் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

மாறுவதற்குரிய கணக்கு எளிது. 60 யூனிட்டுகள் வேண்டும். பருவத்திற்கு 15 யூனிட் பயின்றால் நான்கு பருவங்களில் முடியும். ஆயின் நடைமுறை அத்துணை எளிதன்று. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாம் ஈட்டிய யூனிட்டுகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்தனர் என அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. பாடத்தில் தேறினால் மட்டும் போதாது. போய்ச் சேரும் இடம் அப்பாடத்தை ஏற்றல் வேண்டும். ஏற்காத பாடத்திற்குச் செலவிட்ட பணமும் காலமும் விழலுக்கு இறைத்த நீரே.

ஆகவே விரைந்து மாறுவதற்கு முதல் விதி, முடிவிலிருந்து தொடங்குவது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதை முதற்பருவத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். இக்கல்லூரியின் எந்தப் பாடம் அப்பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்திற்கு நிகர் என்பதைக் கலிபோர்னியாவில் ‘அசிஸ்ட்’ என்னும் இணையதளம் காட்டுகிறது. அதைப் பார்த்த பின்னரே பாடங்களைத் தேர்தல் நன்று.

இரண்டாவது, சங்கிலிப் பாடங்களைக் கவனிப்பது. பொறியியல் பயில்வோர் நுண்கணிதத்தை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாடங்களாக முடிக்க வேண்டும். பௌதிகமும் அதனோடு பிணைந்தது. ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுத்தாலும் இச்சங்கிலி குறுகாது. முதற்கண்ணியை ஒரு பருவம் தள்ளிப்போட்டால் மாறுவது ஓராண்டு தள்ளிப்போகவும் கூடும்.

மூன்றாவது, நாட்காட்டி. இங்கேதான் பலர் இடறுகின்றனர். படிப்பு இரண்டாண்டு என்பதால், விண்ணப்பத்தை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணிவிடுகின்றனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்க வேண்டுவது முந்திய ஆண்டின் அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில். ஆகஸ்டில் கல்லூரி சேர்ந்தவர் அடுத்த நவம்பரில் விண்ணப்பிக்கிறார். அதாவது பதினைந்தே மாதங்களில். அப்போது அவர் கையில் இருப்பவை முதலாண்டு மதிப்பெண்களே. எனவே முதலாண்டு பழகிக்கொள்ளும் ஆண்டன்று. தீர்ப்பு எழுதப்படும் ஆண்டு!

அப்பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தகுதியுடைய மாணவர்க்கு இடத்தை முன்னரே உறுதி செய்கின்றன. இதற்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களில் இவ்வுறுதி இல்லை. உறுதி தரும் வளாகங்களிலும் எல்லாத் துறைக்கும் இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு வேறோர் ஏற்பாடு உண்டு. 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி, மாறுதற்குரிய இணைப்பட்டம் பெற்றவர்க்கு அதன் வளாகங்களுள் ஏதேனும் ஒன்றில் இடம் உறுதி. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்பதன்று.

இரண்டாண்டினும் குறைவாக முடியாதா? கோடைப் பருவத்தில் பயிலலாம். பள்ளியிலேயே எழுதிய ‘ஏ.பி.’ தேர்வுகளுக்கும் யூனிட்டுகள் கிடைக்கக்கூடும். ஆனால் ஓராண்டில் மாற நினைப்பவர், முதற்பருவம் முடியுமுன்னரே, காட்டுவதற்குக் கல்லூரி மதிப்பெண் ஏதுமின்றி விண்ணப்பிக்க நேரும். பாடங்களை அளவின்றிச் சுமந்து மதிப்பெண்ணை இழப்பதும் அறிவுடைமை ஆகாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவரிடம் குறைந்தது 2.8 சராசரி கேட்கிறது; போட்டி மிக்க துறைகளில் அதனினும் மிகுதியாக வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். ஒரு பாடமும் வீணாகாமல் பயில்பவரே விரைந்து செல்பவர். கடல் கடந்து செல்லும் நம் இளைஞர், பெட்டியைக் கட்டுமுன் பாடப்பட்டியலைக் கட்டட்டும். பெற்றோர் கடன்பட்டு அனுப்பும் ஒவ்வொரு டாலரும் அப்போதுதான் படியாக அமையும்.