‘ஜகாட்’ காட்டிய முகம்

கலை இரவுக்கு நாடகம் எழுத உட்கார்ந்தால் ஒவ்வோர் ஆண்டும் இதே பேச்சுதான். குடிகார அப்பா வேண்டாம், குண்டர் கும்பல் வேண்டாம், “நம்ம ஆளுங்கதான் பார்க்க வர்றாங்க, மானம் போயிடும்.” கடைசியில், மருத்துவராகித் திரும்பும் தோட்டத்துப் பையன் மேடையேறுவான். கைதட்டலும் கிடைக்கும். அந்த வெள்ளைக் கோட்டை நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் ‘ஜகாட்’ நினைவுக்கு வரும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, 2015 டிசம்பரில் திரைக்கு வந்த நம் நாட்டுத் தமிழ்ப்படம். கெட்டது என்று பொருள்படும் ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம் வாயில் ‘ஜகாட்’ ஆனது. தலைப்பிலேயே நம் ஊர் வாடை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்கள் பட்டண ஓரத்துப் புறம்போக்கு வீடுகளில் ஒண்டிக்கொண்ட பிறகு, 1990-களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. அப்போய் குறும்புக்காரச் சிறுவன், கற்பனை மிக்கவன். படித்தால்தான் பிழைப்பு என்று அப்பா அடிக்கிறார். பையனின் கண்ணுக்கோ குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாதான் நாயகன். அந்த அப்பா கெட்டவர் அல்லர், அதுதான் வலிக்கிறது. ஜாசின், மெர்லிமாவ் பக்கம் செம்பனைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அவரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இப்படம் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. நம் குறையை மறைக்கவுமில்லை. ஆனால் நாம் வீட்டில் பேசும் தமிழிலேயே பேசியது. சமூகத்துக்குச் செய்யும் தொண்டு என்றால், மருத்துவர் வேடம் போட்ட என் நாடகத்தைவிட இதைத்தான் சொல்வேன்.

2016-இல் வேறொரு நெருக்கடி. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான முதன்மைப் பிரிவு மலாய்மொழிப் படங்களுக்கு மட்டுமே. ‘ஜகாட்’, ‘ஓலா போலா’ போன்றவை தேசிய மொழியில் இல்லாத படங்கள் என்று தனியே ஒதுக்கப்பட்டன. எதிர்ப்புக் குரல் கொடுத்தவர்களில் மலாய்த் திரைக்கலைஞர்களும் இருந்தார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது ‘ஜகாட்’டுக்கே கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. தமிழ்நாட்டில் பெருமாள்முருகன் தன் கொங்கு மண்ணைப் பற்றி எழுதிய ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. எதிர்த்தவர்கள் அவர் ஊர்க்காரர்களே. நெருக்குதல் தாளாமல் 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுத வந்தார். அயலார் எதிர்த்தால் துணைக்கு ஆள் சேரும். சொந்த ஊரே எதிர்த்தால் யாரிடம் போவது?

இந்த ஆண்டு நாடகத்தில் அப்போயின் அப்பாவைப் போல ஒருவரை எழுதியிருக்கிறேன். ஏற்பாட்டுக் குழு இன்னும் படிக்கவில்லை. என் அப்பா படித்துவிட்டார். “நான் இவ்வளவா அடிச்சேன்?” என்று மட்டும் கேட்டார்.