கோலிக்குண்டின் தழும்பு

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தா சேர்த்து வைத்த கோலிக்குண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றனவாம். பழசு என்றால் விலை போகுமா என்று கேட்கிறார். பேந்தா ஆடித் தோற்று முட்டி தேய்ந்தவர்களுக்குக் கோலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேரே தழும்புக்கு வருகிறேன்.

குண்டை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள். எதிரெதிராக இரண்டு இடத்தில் நகத்துக்குச் சொரசொரப்பு தட்டினால், அது பெரும்பாலும் கையால் செய்தது. ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரில் 1840-களில் கோலி வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரி செய்தார்கள். வண்ண இழை பதித்த கண்ணாடித் தண்டைச் சூட்டில் இளக்கி, கத்தரியின் கிண்ணத்தில் வைத்து முறுக்கி, உருண்டை பிடித்ததும் வெட்டிவிடுவார்கள். ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுத்து முறுக்கிக் கிள்ளித் தருவாரே, அதே கைவேகம். வெட்டிய இடம்தான் தழும்பு. உள்ளே இழைகள் ஒரு தழும்பிலிருந்து மறு தழும்புவரை சுருண்டு ஓடும். காற்றுக்குமிழிகூட முறுக்கின் போக்கில் நீண்டிருக்கும். அந்தக் குமிழியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அமெரிக்காவில் அக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-இல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு தழும்பில்லாத குண்டுகள் பெருகின. நடுவில் வண்ண இதழ்கள் நிற்கும் பூனைக்கண் குண்டு 1950-களில் ஜப்பானிலிருந்து பரவியது. அதற்குப் பெரிய விலை கிடையாது.

தழும்புள்ள குண்டுக்கும் பெரிது, சிறிது, சிராய்ப்பு, நிறம் எல்லாம் பார்த்துத்தான் விலை. பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டால் தழும்பு தேய்ந்து, வயதுக்கு இருந்த சாட்சியும் போய்விடும். சோப்புத் தண்ணீரே போதும்.

இழையோ இதழோ இல்லாமல் லேசாகப் பச்சையோடியிருந்தால், அது சோடா பாட்டில் குண்டாக இருக்கலாம். மணலிலுள்ள இரும்பு தரும் நிறம் அது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்றது இந்தச் சோடா பாட்டிலுக்குத்தான். உள்ளேயிருக்கும் வாயு குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு இறுக்கும். சாய்த்து ஊற்றும்போது கழுத்துப் பள்ளம் குண்டைத் தடுத்து நிறுத்தும். இவ்வளவு சாமர்த்தியமான மூடியைக் குண்டுக்காகவே உடைத்தோம், இங்கிலாந்துப் பிள்ளைகளும் நாமும். உதிரிக் குண்டுக்கு விலை சொற்பம். முழு பாட்டிலைத்தான் தேடி வாங்குகிறார்கள். பரணில் ஒன்று கிடைத்தால், ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, குண்டை வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள்.