பாதாளக் கணக்கு

மண்ணுக்கடியில் இருக்கும் இரும்புத் தாதுவுக்கும் தண்ணீருக்கும் கணினி ஓர் எண் தருகிறது. அந்த எண் நீதிமன்றப் படியேறும்போதுதான் அதன் பலமும் பலவீனமும் தெரிகின்றன.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. பெரும்பாலான வீடுகளில் கிணறு. ஆனாலும் பங்குனி வெயில் ஏறியதும் கேரளத்தின் மேட்டுப் பகுதிகளில் வாளி தரை தட்டுகிறது. பெய்த மழையெல்லாம் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் அலுவலகங்கள் பல திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. மாநில நிலத்தடி நீர்த் துறையின் தலைமையகமும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கேரளப் பிரிவும் இங்கேதான். ஆக்குளத்தில் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. 1978-ல் மாநில அரசின் நிறுவனமாகத் தொடங்கிய இந்த மையம், 2014-ல் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வந்தது.

நிலத்துக்கடியில் இருப்பதை அளக்க விரும்பும் எவருக்கும் ஒரே சிக்கல்தான். துளை போட்ட இடத்தில் மட்டுமே உண்மை தெரியும். இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பது ஊகம். அந்த ஊகத்தைக் கணக்காக மாற்றிய கதை தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் தொடங்குகிறது. சில மாதிரிகளில் தங்கம் அதிகம் தெரிந்தால் அந்தப் பாறைப் பகுதி முழுவதையுமே வளமானது என்று நம்பி ஏமாறுவது அங்கே வழக்கமாக இருந்தது. டேனி கிரிக் என்ற சுரங்கப் பொறியாளர் 1951-ல் இதற்குப் புள்ளியியல் முறையில் ஒரு திருத்தம் சொன்னார். பிரான்ஸின் ஜார்ஜ் மாத்ரோன் அதை முழுமையான கணிதமாக்கி, கிரிக்கின் பெயராலேயே 'கிரிகிங்' என்று அழைத்தார்.

அடிப்படை எளிமையானது. பக்கத்துத் துளையின் அளவுக்கு அதிக மதிப்பு, தூரத்துத் துளைக்குக் குறைந்த மதிப்பு. எவ்வளவு தூரம் போனால் ஒற்றுமை மறைகிறது என்பதையும் தரவுகளே சொல்ல வேண்டும். இந்த முறையின் தனிச்சிறப்பு, விடையோடு சேர்த்து அந்த விடை எவ்வளவு தவறலாம் என்பதையும் சொல்வது. தாதுவின் தரத்துக்கும் கிணற்றின் நீர்மட்டத்துக்கும் இதே கணக்கு பொருந்தும்.

ஒரு தாதுப் படுகை 1,000 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 50 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 10 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டர் 3.5 டன் என்றால் 35 லட்சம் டன். நடுவில் படுகை மடிந்து அகலம் 15 மீட்டராகக் குறைந்திருந்தால் அந்த இடத்தில் கால் பங்கு காணாமல் போகும். துளைகள் தள்ளித் தள்ளி இருந்தால் இந்த மடிப்பு யார் கண்ணிலும் படாது.

இருக்கிறது என்பது வேறு, எடுக்கலாம் என்பது வேறு. கோழிக்கோடு மாவட்டத்தின் எலியெட்டிமலை, செருப்பா பகுதிகளில் மேக்னடைட் இரும்புத் தாது உண்டு. சேலம் கஞ்சமலையிலும் உண்டு. கஞ்சமலைத் தாதுவை நம்பித்தான் சேலம் உருக்காலைக் கனவு பிறந்தது. 1981-ல் ஆலை இயங்கத் தொடங்கியபோது அது தாதுவை உருக்கும் ஆலையாக இல்லை. துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக இருந்தது.

தாது இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது. அதனால் நீர்க் கணக்கு இன்னும் கடினம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. மழைக்கு முன்பும் பின்பும் உள்ள நீர்மட்ட வித்தியாசம், பரப்பளவு, பாறை விட்டுக்கொடுக்கும் நீரின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் சேர்ந்த நீர் கிடைக்கும். 1984-ல் வகுத்த இந்த நெறிமுறை 1997-லும் 2015-லும் திருத்தப்பட்டது. இப்போது ஹைதராபாத் ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து உருவாக்கிய மென்பொருளில் நாடு முழுவதுக்குமான கணக்கு போடப்படுகிறது.

கேரளத்தின் பெரும்பகுதியை மூடியிருப்பது லேட்டரைட் என்ற செம்பாறை. 1807-ல் பிரான்சிஸ் புக்கானன் இதற்குப் பெயர் சூட்டியது மலப்புறம் மாவட்டத்தின் அங்காடிப்புறத்துக் கல்லைப் பார்த்துத்தான். இந்தக் கல்லின் சிவப்புக்குக் காரணம் இரும்பு. அதன் துளைகளில் நீர் வேகமாக இறங்கும், அதே வேகத்தில் பள்ளத்துக்கு வடிந்தும் போகும். மழைக் கேள்விக்கு ஒரு விடை இது. நெறிமுறைப்படி லேட்டரைட் விட்டுக்கொடுக்கும் நீர் 2.5 சதவிகிதம். ஒரு சதுர கிலோமீட்டரில் நீர்மட்டம் 4 மீட்டர் உயர்ந்தால் 10 கோடி லிட்டர். அந்த விகிதம் 2 என்றால் 8 கோடி, 3 என்றால் 12 கோடி. அரை சதவிகிதத்தில் 2 கோடி லிட்டர் கூடலாம், குறையலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு சாட்சி, தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தின் பிளாச்சிமடை. 2000-ல் அங்கே தொடங்கிய கோகோ கோலா ஆலை, ஆழ்துளைக் கிணறுகளில் நீர் எடுத்தது. கிணறுகள் வற்றுகின்றன, இருக்கும் நீரும் குடிக்க லாயக்கில்லை என்று மக்கள் போராடினார்கள். நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்ச், நிபுணர் குழுவின் அறிக்கையை ஏற்று, வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் தினமும் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது.

ஒரே கிராமம், ஒரே நிலத்தடி நீர். முதல் தீர்ப்பு உரிமையிலிருந்து தொடங்கியது; இரண்டாவது எண்ணிலிருந்து தொடங்கியது. அந்த எண்ணுக்குள்ளும் 'வழக்கமான மழை' என்ற நிபந்தனை ஒளிந்திருந்தது. லிட்டர் கணக்கு நீரின் ருசியைச் சொல்லாது, யார் வீட்டுக் கிணறு முதலில் வற்றும் என்பதையும் சொல்லாது. 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி பிறகு முறையாகத் தொடரவில்லை. 2010-ல் உயர்மட்டக் குழு சேதத்தை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஆலையைத் திறக்கும் எண்ணமில்லை என்று 2017-ல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

கணினி இன்னும் நுட்பமாகக் கணக்கிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1984-ல் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' வகை மென்பொருள்கள், நிலத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நுழையும் நீரையும் வெளியேறும் நீரையும் கணக்கிடுகின்றன. விடை கிணறுகளில் அளந்த மட்டத்தோடு பொருந்தும்வரை எண்களை மாற்றிப் பார்ப்பார்கள். ஆபத்தும் அதில்தான். மழை அதிகம் இறங்கியது, பம்புகள் அதிகம் இறைத்தன என்று வைத்தாலும் பொருந்தும்; இரண்டும் குறைவு என்று வைத்தாலும் பொருந்தும்.

வானத்திலிருந்தும் எடை போடலாம். 2002-ல் ஏவப்பட்ட 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக் கோள்கள் ஈர்ப்பு விசையின் மாற்றத்தை அளந்தன. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா (டெல்லி உட்பட) பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக 2009-ல் வெளியான ஆய்வு அதை வைத்தே சொன்னது. ஆனால் அந்தக் கண்ணுக்குப் பல நூறு கிலோமீட்டர்தான் ஒரு புள்ளி. ஒரு பஞ்சாயத்தின் கிணறு அதற்குத் தெரியாது.

கேரளத்தின் 152 வட்டாரங்களுக்கும் இப்போது ஆண்டுதோறும் கணக்கு வருகிறது. சேரும் நீரில் 70 சதவிகிதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 90-ஐத் தாண்டினால் அபாயம், 100-ஐத் தாண்டினால் மிகைச் சுரண்டல். ஆனால் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு மீட்டர் இல்லை. எவ்வளவு இறைக்கிறார்கள் என்பது கிணறுகளின் எண்ணிக்கையை வைத்துப் போடும் மதிப்பீடே. பிளாச்சிமடையைப் போல இன்னொரு வழக்கு வந்தால், நீதிபதியின் மேஜைக்குப் போகும் எண்ணில் இந்த மதிப்பீடும் கலந்திருக்கும். பிழை எத்தனை சதவிகிதம் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்பதுதான் கிராமத்து மக்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி.