வாய்தாவும் நேரக் கணக்கும்

சேலத்திற்குத் தென்மேற்கே, கஞ்சமலையை அடுத்துள்ள இளம்பிள்ளை, சேலை நெசவால் பெயர்பெற்ற ஊர். அங்குத் தறியில் உழைப்பவருக்குக் கூலி பெரும்பாலும் சேலைக் கணக்கில் வழங்கப்படுகிறது. ஒரு சேலைக்கு எவ்வளவு நூல் செல்லும், எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதைத் தறி உரிமையாளரும் நெய்பவரும் அறிவர். கூலி போதவில்லை என்று பூசல் எழும்போதும் இரு தரப்பினரும் முன்வைத்துப் பேச ஒரு கணக்கு இருக்கிறது. அதே ஊரிலிருந்து வழக்கறிஞரை நாடிச் செல்பவருக்கு இத்தகைய கணக்கு எளிதில் கிடைப்பதில்லை.

சேலை வணிகத்தில் கடன் தவிர்க்க இயலாதது. வெளியூர்க் கடைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு காசோலை தருகிறார். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பி வருகிறது. அந்த நாள்முதல் சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138 ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள்கள் உண்டு. அவர் செலுத்தத் தவறினால், அதன்பின் ஒரு மாதத்திற்குள் குற்ற முறையீடு தாக்கல் செய்தாக வேண்டும். முறையீட்டில் நேரும் தாமதத்தை, தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். அறிவிப்பில் நேரும் தாமதத்திற்கு அத்தகைய சலுகை இல்லை. 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், காசோலையைத் தம் கணக்கில் செலுத்தியவர் தமது வங்கிக் கிளை அமைந்துள்ள பகுதியின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வாங்கியவரின் ஊரைத் தேடி அலைந்த சிறு வணிகருக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த ஒரு வழக்கில் வழக்கறிஞர் செய்யும் பணிகளை எண்ணிப் பார்க்கலாம். விலைச்சீட்டுகளையும் கணக்கேட்டையும் படிக்கிறார், அறிவிப்பை வரைகிறார், முறையீட்டையும் உறுதிமொழி ஆவணத்தையும் ஆயத்தம் செய்கிறார், முன் தீர்ப்புகளைத் தேடுகிறார், கட்சிக்காரரின் தொலைபேசி அழைப்புகளுக்கு விடை சொல்கிறார், வாய்தாதோறும் நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்படும்வரை காத்திருக்கிறார். இவற்றுள் எதற்கு எவ்வளவு நேரம் சென்றது? பல அலுவலகங்களில் அவருக்கே தெரியாது. வழக்கிற்கு இவ்வளவு என்றோ, வாய்தாவிற்கு இவ்வளவு என்றோ கட்டணம் பேசுவதே இங்குப் பரவலான வழக்கம். கட்டணத்தை இருவரும் தம்முள் ஒப்பந்தம் செய்துகொள்ள 1926 ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் கட்டணச் சட்டம் இடமளிக்கிறது. கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்திற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. செலவிட்ட நேரத்திற்குக் கணக்கு வைப்பதோ அவரவர் விருப்பம்.

ஏழைகளுக்காகத் தோன்றிய கணக்கு

மேலைநாட்டுச் சட்ட நிறுவனங்களின் மணிக்கணக்குக் கட்டணம் செல்வர்களிடம் பணம் பெறத் தோன்றிய உத்தி என்று கருதப்படுவதுண்டு. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1914 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சட்ட உதவிச் சங்கத்தின் பொறுப்பை ஏற்ற ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், கட்டணம் செலுத்த இயலாத ஏழைகளின் வழக்குகளைக் குறைந்த பொருளில் நடத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு வழக்கிற்கும் எவ்வளவு உழைப்புச் செல்கிறது என்பதை அறிய நேரத்தைக் குறித்துவைக்கும் முறையை அவர் கையாண்டார். பின்னர் ஒரு தனியார் சட்ட நிறுவனத்தை நடத்தியபோதும் அதைத் தொடர்ந்தார். ஆக, நேரக் குறிப்பு முதலில் செலவை அறியும் கருவியாகவே இருந்தது. அது விலைச்சீட்டாக மாறியது பின்னரே. வழக்கறிஞர் சங்கங்கள் வகுத்திருந்த குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல்கள் போட்டியைத் தடுப்பவை என்று 1975 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், மணிக்கணக்குக் கட்டணம் அங்கு வேரூன்றியது.

அம்முறையில் ஒரு மணி நேரம் பத்துக் கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு கூறு 6 நிமிடம். 14 நிமிட உரையாடல் மூன்று கூறுகளாகப் பதிவாகும். அதிலேயே ஒரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. இரண்டு நிமிட அழைப்பும் 6 நிமிடமாகக் கணக்கிடப்படும். மேலும், விரைந்து முடிப்பவர் குறைவாகவும் இழுத்தடிப்பவர் மிகுதியாகவும் ஈட்டுவர். அனுபவத்தால் ஒரு மணி நேரத்தில் வரையக்கூடிய அறிவிப்பை ஐந்து மணி நேரம் வரைபவருக்குப் பரிசளிக்கும் முறையை அப்படியே சிற்றூர் வணிகர்மீது சுமத்துவது நேர்மையாகாது.

எனினும் நேரத்தைக் குறிப்பது வேறு. நேரத்திற்கு விலை கேட்பது வேறு. மொத்தக் கட்டணம் பேசும் வழக்கறிஞருக்கும் முன்னதன் பயன் உண்டு. சென்ற ஆண்டு நடத்திய பத்துக் காசோலை வழக்குகளுக்கு எவ்வளவு நேரம் சென்றது என்பதை அறிந்தவர், பதினொன்றாவது வழக்கின் கட்டணத்தை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை.

கையடக்கக் கருவியின் வரவு

தாளில் நேரம் குறித்த காலத்தில் பெரும்பகை மறதியே. மாலையில் அமர்ந்து பகலை நினைவுகூரும்போது நீண்ட பணிகள் நினைவில் நிற்கும். நீதிமன்ற வராந்தாவில் பேசிய நான்கு நிமிடமும், பேருந்தில் படித்த ஆவணமும் நழுவிவிடும். சிலர் நினைவில்லாததை ஊகத்தால் நிரப்பினர். திறன்பேசி இக்குறையைப் பெரிதும் போக்குகிறது. நேரப் பதிவுச் செயலியில் வழக்கின் பெயரைத் தொட்டால் நேரம் ஓடத் தொடங்கும். வேறு வழக்கிற்கு மாறினால் முன்னது நிற்கும். அழைப்பு முடிந்ததும் அதன் கால அளவைக் குறிப்பிட்ட வழக்கில் சேர்க்கவும், செய்த பணியைப் பேசியே எழுத்தாக்கவும் வசதியுள்ள செயலிகள் உண்டு. இணைப்பு இல்லாத இடத்தில் கருவியிலேயே சேமித்து, இணைப்புக் கிடைத்ததும் அலுவலகக் கணினிக்கு அனுப்புவனவும் உள்ளன.

பதிவின் தரம் எழுதும் சொற்களைப் பொறுத்தது. 'வழக்குப் பணி, 2 மணி' என்பதால் எவருக்கும் எதுவும் விளங்காது. 'வங்கியின் திருப்பச் சீட்டையும் அறிவிப்பின் ஒப்புகை அட்டையையும் சரிபார்த்து, கால எல்லை கணக்கிட்டது, 18 நிமிடம்' என்பது பதிவு. ஓடும் கடிகாரத்தை நிறுத்த மறந்து உணவருந்தச் சென்றவருக்குக் கருவி தானாக உண்மையைச் சொல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வழக்கறிஞரின் நேரத்தைவிட நீதிமன்றத்தின் நேரமே வழக்கை நீட்டிக்கிறது. காசோலை வழக்கை 6 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினாலும், பல வழக்குகள் அந்த எல்லையைக் கடந்துவிடுகின்றன. இங்கே அரசின் இ-கோர்ட்ஸ் செயலி உதவுகிறது. ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாளம் உண்டு. அதை உள்ளிட்டால் வழக்கின் நிலை, கடந்த வாய்தாக்கள், அடுத்த வாய்தா ஆகியன தெரியும். வழக்கறிஞர் தம் வழக்குகளை அதில் தொகுத்துவைத்து நாட்குறிப்பாகப் பயன்படுத்தலாம். கட்சிக்காரரும் அதையே பார்க்கலாம், கட்டணம் எதுவுமில்லை. 'இன்று என்ன ஆயிற்று?' என்று கேட்க ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுச் சேலத்திற்குப் பேருந்து ஏற வேண்டிய தேவை இதனால் குறைகிறது. நீதிமன்றத்தின் பதிவையும் வழக்கறிஞரின் நேரக் குறிப்பையும் அருகருகே வைத்தால், கட்டணத்தில் எவ்வளவு வாதத்திற்குச் சென்றது, எவ்வளவு காத்திருப்பிற்குச் சென்றது என்பதும் வெளிப்படும்.

அந்தக் காத்திருப்பில் பெரும்பங்கு இளநிலை வழக்கறிஞர்களுடையது. மூத்தவர் வேறொரு நீதிமன்றத்தில் வாதிடும்போது, வழக்கு அழைக்கப்படும் நொடிக்காக நிற்பவர் இளையவரே. 2024 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்றது. அது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், பிற இடங்களில் 15,000 ரூபாய் எனக் குறிக்கப்பட்டது. இளையவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதற்குச் சான்று இருந்தால், அத்தொகை கருணையாகத் தோன்றாது. ஆனால் அதே கருவி அவர் இருக்கும் இடத்தை நொடிதோறும் அறிவிக்கும் காவலாக மாறிவிடவும் கூடும். பணியைப் பதிவு செய்ய இருப்பிடத்தைக் கண்காணிக்க வேண்டியதில்லை.

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் கூறியவை வெளியே செல்லலாகாது என்பதைப் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132 ஆம் பிரிவு வற்புறுத்துகிறது. நேரக் குறிப்பிலும் அவ்வுரையாடலின் சாயல் படிந்திருக்கும். 'கடன்தாரருடன் சமரசம் பற்றிக் கட்சிக்காரர் பேசியது' என்னும் ஒரு வரி எதிர்த்தரப்பின் கையில் சிக்கினாலே பேரம் குலைந்துவிடும். எனவே திறன்பேசிக்குக் கடவுச்சொல் வேண்டும். பதிவில் கட்சிக்காரரின் பெயருக்கு மாற்றாகக் குறியீட்டெண் இருப்பது நன்று. செயலியை நடத்தும் நிறுவனம் தரவை எங்குச் சேமிக்கிறது என்பதைப் பதிவைத் தொடங்கும் முன்னரே கேட்டறிய வேண்டும். கருவி தொலைந்தால் தொலைவிலிருந்தே தரவை அழிக்கும் வசதியை முதல் நாளிலேயே அமைத்துவிடலாம். அதற்குச் சில நிமிடங்களே போதும்.