பிள்ளையின் கண்ணோரக் கட்டி: எதற்குப் பொறுக்கலாம், எதற்குக் கூடாது?

பிள்ளையின் புருவ ஓரத்தில் ஒரு உருண்டை தட்டுப்பட்டால், ஒலுவில் துறைமுகப் பக்கத்து வீடுகளில் கண்ணூறு என்று சொல்வோரும் உண்டு. ஓதிப் பாருங்கள், அதில் குறையில்லை. ஆனால் டொக்டரிடமும் காட்டுங்கள். சிறு பிள்ளைகளின் கண்குழியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. அவற்றால் உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டாலும் பார்வை போகலாம்.

புருவ முனை உருண்டை

டெர்மொயிட் எனும் இக்கட்டி பிறவியிலேயே வருவது. கருவில் மண்டையோட்டு எலும்புகள் பொருந்தும் இடத்தில் தோலின் துணுக்கொன்று சிக்கி, உள்ளே எண்ணெய்ப்பசையும் முடியும் சேரும். மெதுவாக வளரும், வலிக்காது. பிதுக்கவோ சூடு வைக்கவோ வேண்டாம். உறை கிழிந்தால் சுற்றிலும் கடுமையாக வீங்கிச் சிவக்கும். மயக்கம் கொடுத்து உறையோடு முழுதாக எடுப்பதே சிகிச்சை. மிச்சம் விட்டால் திரும்ப வரும்.

அழுதால் பெரிதாகும் சிவப்பு

பிறந்து சில வாரங்களில் தெரிந்து, முதல் ஆறு மாதங்களில் வேகமாக வளரும் இரத்தக்குழாய்க் கட்டி ஹீமாஞ்சியோமா. தோலின் மேலே சிவப்பாகவும் ஆழத்தில் நீலமாகவும் தெரியும். வருடங்கள் போகப்போகத் தானாகவே சுருங்கும். அதை நம்பி இருந்துவிடுவதில்தான் எனக்குப் பயம். இமையை மூடினாலோ கருவிழியை அழுத்தினாலோ அந்தக் கண்ணுக்குப் பார்க்கும் பழக்கமே வராது. கட்டி கரைந்த பிறகும் பார்வை மங்கலாகவே நிற்கும். நல்ல கண்ணைக் கையால் மறைத்துப் பாருங்கள். பிள்ளை சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால் மற்றக் கண்ணில் குறை இருக்கலாம்.

2008இல் பிரான்சின் போர்டோ நகர வைத்தியர்கள், இதயத்துக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல் இக்கட்டியைச் சுருக்குவதைக் கண்டறிந்தார்கள். இன்று முதல் மருந்தே அதுதான். பால் கொடுக்கும் நேரத்தோடு கொடுக்க வேண்டும். பிள்ளை குடிக்காவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ அந்த வேளை மருந்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். இளைப்பு உள்ள பிள்ளை என்றால் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளும் பொறுக்கக் கூடாதவை

சில நாட்களில் கண் வெளியே தள்ளுதல், கண்மணியில் வெள்ளை ஒளி, காய்ச்சலோடு இமை வீக்கம். முதலிரண்டும் புற்றுநோயாகவும், கடைசி கண்குழிக்குள் பரவிய கிருமித்தொற்றாகவும் இருக்கலாம்.

எங்கே காட்டுவது?

கிளினிக்கில் மிட்வைபிடம் சொல்லிக் கண் வைத்திய நிபுணரைக் காட்டுங்கள். மேலோட்டமான கட்டிக்குக் கைப்பரிசோதனையே பெரும்பாலும் போதும். ஆழமானதற்கு ஸ்கேன் வேண்டும்; எலும்பைப் பார்க்க சி.டி., தசையையும் நரம்பையும் பார்க்க எம்.ஆர்.ஐ. பிள்ளை அசையாமல் கிடக்க மயக்கம் கொடுப்பார்கள். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பினால் இரவு பஸ் பயணம்தான், தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போனில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை டொக்டர் அதில் பார்த்துக்கொள்வார்.